ரப்பர் பால் வார்ப்பவரின் கைத்தடிப்பு

பிளாஸ்டர் அச்சில் ரப்பர் பாலை ஊற்றினால், பாலிலுள்ள நீரை அச்சு உறிஞ்சிக்கொள்ள, உட்சுவரில் ரப்பர் தோலாகப் படியும். வேண்டிய கனம் வந்ததும் மீதியைக் கவிழ்த்துவிடுவார்கள். பொம்மை, முகமூடி, சினிமாவுக்கான போலி உறுப்புகள் எல்லாம் இப்படித்தான் உருவாகின்றன. உலையும் இல்லை, பெரிய எந்திரமும் இல்லை என்பதால், இதில் ஆபத்தே இல்லை என்று பலரும் நம்பிவிடுகிறார்கள்.

பால் உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்க்கப்படுகிறது. பேரலைத் திறந்ததும் கண் எரிவது அதனால்தான். எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) வரைதான் அது இருக்கலாம். மூடிய அறையில், மின்விசிறி மட்டும் போட்டுக்கொண்டு பால் ஊற்றக் கூடாது. காற்றை வெளியே தள்ளும் விசிறி வேண்டும்.

இதைவிடக் கவலைக்குரியது ஒவ்வாமை. அது இரண்டு விதம். ஒன்று, பாலில் சேர்க்கும் தையூரம் போன்ற ரசாயனங்களால் ஓரிரு நாள் கழித்துத் தோலில் வரும் தடிப்பும் வெடிப்பும். மற்றது, ரப்பர் புரதத்தால் சில நிமிடங்களிலேயே வருவது: அரிப்பு, மூக்கொழுகல், இளைப்பு, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும் அதிர்ச்சி நிலை. இவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்ளாமல் போகும். தடிப்பு வந்தவருக்கு ரப்பர் கையுறை கொடுப்பது நோயை வளர்ப்பதாகும். நைட்ரைல் கையுறை கேளுங்கள்.

அச்சு செய்யும் பிளாஸ்டரிலும் ஆபத்து உண்டு. இறுகும்போது அது சூடேறும். 2007இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு பள்ளி மாணவி கைகளை அச்செடுக்க பிளாஸ்டரில் அமிழ்த்தினாள். அது இறுகிப்போய், தீக்காயத்தில் விரல்களை இழந்தாள். கையையோ காலையோ நேரடியாக அதில் வைத்து யாரும் அச்செடுக்கக் கூடாது, குழந்தைகளுக்கு ஒருபோதும் கூடாது.

ஒவ்வாமை வந்தவரை “இந்த வேலை உனக்கு ஒத்துக்கலை” என்று சொல்லி அனுப்பிவிடுவதுதான் நடப்பு. தொழிலாளியும் தன் உடம்பின் குறை என்று நினைத்துப் போய்விடுகிறார். அது தவறு. வேலையிடப் பொருளால் வரும் ஆஸ்துமாவும் தோல் நோயும் இந்தியச் சட்டப் பட்டியலில் உள்ள தொழில்சார் நோய்கள். தொழில்சார் நோயை விபத்துக்குச் சமமாகக் கொள்ளும் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் கொள்கை, 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீடு உண்டு. வேலையால் தற்காலிகமாக முடங்கினால் ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். இஎஸ்ஐ இல்லாத சிறு பட்டறை என்றால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு. தொழிலாளர் துறையிடம் மனு கொடுக்கலாம்.

எதற்கும் ஆதாரம் வேண்டும். மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை, எந்தப் பொருள், எத்தனை நாளாக என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். விடுமுறையில் தடிப்பு குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடுகிறதா என்று தேதியோடு குறித்துவையுங்கள். பேரலின் லேபிளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வழக்குக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அழைக்க வேண்டிய எண் 15100.