ஆட்டுச் சீம்பால்: குட்டிக்கு உயிர், நமக்கு?

அன்னூர், காங்கேயம் பக்கம் மாடு கன்னு போட்டால், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஒரு சொம்பு சீம்பால் போகும். கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்த்து இட்லிப் பானையில் வேகவைத்தால் அல்வா மாதிரி கட்டியாகும். ஆட்டுச் சீம்பால் அப்படி எளிதில் கிடைக்காது. வெள்ளாடு பெரும்பாலும் ரெண்டு குட்டி போடும்; குட்டிகள் குடித்தது போக மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் இப்போது, 'பச்சையாகக் குடிங்க, நோய் எதிர்ப்புச் சக்தி கூடும்' என்று செல்போனுக்குத் தகவல் வருகிறது. குடிக்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

ஆட்டுக்குட்டி நோயை எதிர்க்கும் ஆன்டிபாடி எதுவும் இல்லாமல்தான் பிறக்கிறது. தாயின் ரத்தத்தில் இருப்பது நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகாது. சீம்பால் வழியாகத்தான் போகும். அதுவும் முதல் சில மணி நேரம் குடல் அதை அப்படியே உறிஞ்சும், ஒரு நாளைக்குள் அந்த வழி அடைபட்டுவிடும். அதனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குட்டியை மடிக்கு விடணும். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் சுமார் 200 மில்லி, நாலைந்து தடவையாக. 'நஞ்சு விழட்டும், அப்புறம் விடலாம்' என்று காத்திருப்பது தப்பு. தாய் இறந்துவிட்டால், அன்றைக்கே ஈன்ற வேறு ஆட்டின் சீம்பாலைக் கொடுக்கலாம். ஃப்ரீசரில் வைத்திருந்ததா? பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து உருக்குங்க, அடுப்பில் வேண்டாம்.

சரி, மனிதருக்கு? நம் குழந்தைக்கு அந்த ஆன்டிபாடி கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே தாயிடமிருந்து வந்துவிடுகிறது. பெரியவர்கள் குடித்தால், மற்ற புரதம் மாதிரி அதுவும் பெரும்பாலும் செரிமானம் ஆகிவிடும். இன்னொரு சிக்கலும் இருக்குங்க. கொதிக்க வைத்தால் ஆன்டிபாடி கெட்டுவிடும், கொதிக்க வைக்காவிட்டால் கிருமி உயிரோடு இருக்கும். வேகவைத்த சீம்பால் சத்தான பண்டம், தாராளமாகச் சாப்பிடலாம். மருந்து அல்ல.

கிருமி என்றால் முக்கியமாக புரூசெல்லா. மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை வாட்டிய காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்று 1887-ல் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தார். அது ஆட்டிலிருந்து வருகிறது என்பது தெரிய 1905 ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் சரசரவென்று குறைந்தது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டு வலி இதன் அறிகுறிகள். ஆடு வளர்ப்பவருக்கு இப்படி இருந்தால் டாக்டரிடம் ஆடு இருப்பதையும் சொல்லுங்க. சினை ஆடு குட்டியைக் கலைத்துவிட்டால், வெறுங்கையால் நஞ்சைத் தொடாதீங்க.

பச்சிளம் குழந்தைக்கு ஆட்டுச் சீம்பால் வேண்டவே வேண்டாம். சேனைத் தண்ணி, தேன், கழுதைப்பாலும் அப்படித்தான். அம்மாவிடம் முதலில் வரும் மஞ்சள் பாலைப் பீச்சிக் கொட்டிவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. குழந்தையின் குடலைக் காக்கும் சீம்பாலே அதுதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கணும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சில சொட்டுதான் வருகிறது என்று பயப்படாதீங்க, முதல் நாள் குழந்தை வயிற்றுக்கு அது போதும்.

குட்டி எழுந்து பால் குடிக்கவில்லை என்றால் 1962 கால்நடை உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். தாய்ப்பால் பற்றிய சந்தேகத்துக்கு 104.