வரைபடத்தில் பெரிதான அக்கோ

வரைபடத்தில் ஓர் ஊர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இன்று அதை அளவுகோல் தீர்மானிக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு.

இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ், 1250ஆம் ஆண்டு வாக்கில், சிலுவைப்போர் வீரர்கள் கைப்பற்றிய நாட்டைக் கையால் வரைந்தார். அவர் அங்குச் சென்றவரல்லர். பதப்படுத்திய தோலில் மையால் கோடிட்டு வண்ணம் தீட்டினார். மதில்கள், கப்பல்கள், ஒட்டகம் எல்லாம் படங்களாகவே இடம்பெற்றன.

அதில் ஜெருசலத்தைவிட அக்கோ துறைமுகமே மிகப் பெரிது. காரணம் இருக்கிறது. 1187இல் சலாவுதீன் ஜெருசலத்தைக் கைப்பற்றினார். 1229இல் உடன்படிக்கையால் சிலுவைப்போர் தரப்புக்குத் திரும்பக் கிடைத்த அந்நகரம், 1244இல் மீண்டும் பறிபோனது. 1191இல் அவர்கள் பிடித்த அக்கோதான் தலைநகராக விளங்கியது. ஐரோப்பியக் கப்பல்கள் வந்திறங்கிய வாசலும் அதுவே.

லண்டனிலிருந்து தென் இத்தாலி வரையிலான வழியையும் அவர் ஊர் ஊராக வரைந்தார். தூரத்தை மைலில் குறிக்காமல், ‘ஒரு நாள் பயணம்’ என்று குறித்தார். மடத்தை விட்டு வெளியேற இயலாத துறவிகள் அதைப் பார்த்தே மனத்தளவில் யாத்திரை போயிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

மேத்யூ 1259இல் மறைந்தார். 1291இல் அக்கோவும் வீழ்ந்தது. ஆகவே, பழைய வரைபடத்தில் தூரத்தை அளக்கும் முன், வரைந்தவர் எதைப் பெரிதாக மதித்தார் என்று பார்ப்பதே முறை.