வாலிநோக்கத்தில் மைனஸ் 40 டிகிரி: வண்டிக்கு ஸ்கேன் போட்டால் என்ன தெரியும்?

உப்பளத்து வெயிலில் நிற்கும் வண்டியில் ஸ்கேனரைச் செருகினால், எஞ்சின் தண்ணீரின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று திரையில் வருவதுண்டு. ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான வாலிநோக்கத்தில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் கிடையாது. வெப்பத்தை அளக்கும் சென்சாருக்குப் போகிற வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது கப்ளருக்குள் பின் தொடர்பு விட்டிருக்கிறது என்று பொருள். இந்த சென்சாரின் மின்தடை குளிரில் கூடும், சூட்டில் குறையும். பாதை அறுந்துபோனால் மின்தடை எல்லையில்லாமல் ஏறிவிட்டதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு, தன் அளவுகோலின் அடிமட்ட எண்ணைக் காட்டுகிறது. கூடவே பி0118 என்று ஒரு கோடு (பழுதுக் குறியீடு) பதிவாகும். பல வண்டிகளில் எஞ்சின் கொதித்துவிடக் கூடாதே என்று ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓட ஆரம்பித்துவிடும்.

"சென்சார் போயிடுச்சு, மாத்தணும்" என்பார்கள். புதியது வாங்கி மாட்டியும் மைனஸ் 40 அப்படியே நிற்கும். கைதேர்ந்த மெக்கானிக் மாட்டுவதற்கு முன்பே கப்ளரைக் கழற்றி, அந்த இரண்டு வயர்களையும் ஒரு சின்ன வயர்த்துண்டால் இணைத்துவிட்டுத் திரையைப் பார்ப்பார். எண் சட்டென்று 130, 140 என்று தாவினால் வயரும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன, சென்சார்தான் கெட்டிருக்கிறது. எண் அசையாமல் நின்றால் சென்சாரைத் தொட வேண்டியதே இல்லை. ஒரு நிமிட வேலைதான். ஆனால் ஸ்கேன் கூலி என்று நாம் கொடுக்கிற பணம் இந்த ஒரு நிமிடத்துக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

கோடு என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான் இவ்வளவு பணம் வீணாகிறது. அந்தச் சுற்றில் மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருக்கிறது என்பதற்கு மேல் பி0118 எதையும் சொல்லவில்லை. கோடு தெருவைக் காட்டும், வீட்டு எண்ணைச் சொல்லாது. முதல் எழுத்து 'பி' என்றால் எஞ்சின், கியர்பாக்ஸ் பக்கம். 'சி' என்றால் பிரேக், ஸ்டியரிங். 'பி' போலவே ஒலிக்கும் இன்னொரு ஆங்கில எழுத்து (B) கதவு, ஏர்பேக் போன்ற உடல் பகுதிக்கு. 'யு' வந்தால் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் தவிக்கின்றன. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோடு. 1 என்றால் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்தக் கோடு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவிகள் பலவும் இந்த இடத்தில்தான் திணறும்.

கோடு போடும் இந்த ஏற்பாடு மெக்கானிக்கின் வசதிக்காக வந்ததல்ல. கலிபோர்னியாவில் வண்டிப் புகை மூச்சை முட்டியபோது, புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் பழுதானால் வண்டியே ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும் என்று அங்கே விதி போட்டார்கள். 1996 முதல் அமெரிக்கா முழுவதும் விற்கும் கார்களில் ஒரே மாதிரியான 16 முனைச் செருகி கட்டாயமானது. இந்தியாவில் பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் புகை விதி) வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் இந்த ஏற்பாட்டின் முதல் நிலையும், 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையும் வந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததோடு இரு சக்கர வண்டிகளுக்கும் இது பரவியது. இன்று மீன் பெட்டி ஏற்றும் குட்டியானை மினி லாரியிலும் உப்பு மூட்டை ஏற்றும் லாரியிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே தடவினால் அந்தச் செருகி கையில் படும்.

ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் இந்தக் கடற்கரையின் காற்றை மனத்தில் வைத்து எழுதியிருக்க முடியாது. வாலிநோக்கம் உப்பு விளையும் ஊர். 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் மாரியூர் – வாலிநோக்கம் பகுதியில்தான் விரிந்து கிடக்கின்றன. இதே மாவட்டத்தின் பாம்பனில் 1914-ல் கட்டிய ரயில் பாலத்தை உப்புக் காற்றிடமிருந்து காப்பாற்றுவதே ஓயாத வேலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பிகளும் தனிவகைப் பூச்சும் தேவைப்பட்டன. பாலத்தின் இரும்புக்கே இந்தக் கதி என்றால், குண்டூசி கனமுள்ள கப்ளர் பின் எம்மாத்திரம்?

அதிலும் மீன் வண்டியின் பாடு மோசம். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தளத்தின் இடுக்கு வழியாகச் சேஸிஸில் ஓடி, வயரிங் கட்டின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். கப்ளரை இழுத்துப் பார்த்தால் ரப்பர் சீல் வெடித்திருக்கும். உள்ளே பின்களின் அடியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். வயரின் மேலுறை பளபளவென்று இருந்தாலும், நகத்தால் அழுத்தினால் உள்ளே செம்பு பொடிந்து மெத்தென்று அமுங்கும். அந்த வயரை ஓர் அங்குலம் சீவினால் கறுத்த தூள் கொட்டும். அந்தப் பின்னை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்குள் களிம்பு திரும்ப வந்துவிடும். காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு, பின் அரித்திருந்தால் புதுப் பின் போட்டு, சீலை மாற்றி மூட வேண்டும்.

எர்த் வயர் இதைவிட முக்கியம். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் எஞ்சின் உடம்பிலும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். மீட்டரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்பது பட்டறைக் கணக்கு. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் எர்த் பட்டையோ அதன் போல்ட்டோ அரித்திருக்கிறது. எர்த் சரியில்லாத வண்டி ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஏழெட்டுக் கோடுகளைக் கொட்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஏழெட்டு சென்சார் வாங்க வேண்டிவரும். பல சென்சார்களுக்குப் பொதுவாகப் போகும் 5 வோல்ட் வயர் எங்கேயாவது உரசி ஷார்ட் ஆனாலும் இதே கதைதான். எனவே கோடுகள் கூட்டமாக வந்தால் முதலில் பேட்டரி, பிறகு எர்த், பிறகு அந்தப் பொது வயர் என்று போவதே முறை.

பட்டறைகளில் அதிகம் நடக்கிற தப்பு ஒன்று உண்டு: செருகியதும் கோட்டை அழிப்பது. செக் எஞ்சின் லைட் அணைந்ததும் வேலை முடிந்ததாக ஓட்டுநரும் சந்தோஷப்படுகிறார். கோடு பதிவான அந்தக் கணத்தில் வண்டியின் வேகம் என்ன, எஞ்சின் சுற்று எத்தனை, தண்ணீர் எவ்வளவு சூடு, லோடு எவ்வளவு என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு படம்போல் பிடித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோட்டை அழித்தால் அதுவும் போய்விடும். பக்கத்துச் சாயல்குடி சாலையில் லோடோடு போகும்போது மட்டும் இழுவை விட்டுப்போகிற வண்டியைப் பட்டறையில் நிறுத்தி எவ்வளவு நேரம் உறும விட்டாலும் கோளாறு தலைகாட்டாது. அந்தப் படம் இருந்தால் ஃப்யூயல் ஃபில்டர் பக்கம் போவதா, டர்போ பக்கம் போவதா என்று திசை கிடைக்கும். அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் எழுதியோ படம் எடுத்தோ வைத்துக்கொள்ளாத பட்டறையை நான் நம்பமாட்டேன்.

நல்ல பட்டறையில் ஸ்கேன் என்பது எஞ்சினோடு நிற்காது. பிரேக், ஏர்பேக், ஸ்டியரிங் என்று எல்லாக் கம்ப்யூட்டரையும் கேட்டுவிடுவார்கள். பிறகு லைவ் டேட்டா. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவி போட்டதும் எஞ்சின் தண்ணீரின் வெப்பம், உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பம், வெளி வெப்பம் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால், கோடே வராவிட்டாலும் அந்த சென்சார் பொய் சொல்கிறது. அதன்பின் ஸ்கேனர் வழியாகவே ஃபேனை ஓடவிட்டு, பம்ப்பை இயக்கிப் பார்க்கலாம். பழுது பார்த்ததும் கோட்டை அழித்து, லோடு ஏற்றி ஓட்டிவந்து, திரும்ப ஒருமுறை ஸ்கேன்.

உப்பு லாரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெரிய பி.எஸ்.6 டீசல் லாரிகளில் புகையைச் சுத்தம் செய்ய யூரியா கரைசல் ஊற்றுகிறோம். அதில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று கலப்படச் சரக்கை ஊற்றினால் வண்டி கோடு போட்டு, எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரை மாற்றச் சொல்வதற்கு முன் ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தால் யூரியா அளவு சரியா என்று தெரிந்துவிடும். சென்சாரின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கருவியின் விலை ஒன்றுமேயில்லை.

ஓட்டுநர் கேட்க வேண்டியதும் அதிகமில்லை. என்ன கோடு வந்தது, எழுதிக் கொடுங்கள். சென்சார் கெட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், எங்கே மீட்டர் வைத்துப் பார்த்தீர்கள்? கழற்றிய பழைய சாமானைக் கையில் கொடுங்கள். இதைக் கேட்டால் நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். உட்கார வைத்துக் காட்டுவார்.

அவருக்கும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. எந்த நிற வயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்ற வயரிங் படம் இல்லாமல் இந்தச் சோதனைகளில் பாதியைச் செய்ய முடியாது. நிறுவனங்கள் பலவும் அதைத் தங்கள் சர்வீஸ் சென்டருக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே இணையதளமும் தொடங்கியது. குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. வாலிநோக்கத்து வண்டி ஒரு வயரில் களிம்பு ஏறியதற்காக ராமநாதபுரமோ மதுரையோ போய், ஐஸில் வைத்த மீனோடு ஒரு நாளை இழக்காமல் இருக்க வேண்டுமானால், அந்தப் படங்கள் நியாயமான விலையில் சாயல்குடிப் பட்டறைக்கும் கிடைக்கச் சட்டம் வர வேண்டும்.