30 கிலோவுக்குள் ஒரு மலைநாடு

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். பார்த்து, பார்த்து! வாசல்படியிலேயே பலூன் பாக்கெட்டுகளும் பல்துலக்கிப் பெட்டியும் கிடக்கின்றன. வியாழக்கிழமை இரவு ஒன்பதரை மணி. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையின் பின்தெரு ஒன்றில் இருக்கும் எங்கள் சபையின் கீழ்த்தளக் கூடம் இது. ஞாயிறன்று பூச்சாடியும் வரிசை நாற்காலியுமாக அடக்க ஒடுக்கமாக இருக்கும். இன்றைக்குப் பாருங்கள், கல்யாண வீட்டின் பின்கட்டு மாதிரி! ஒரு மூலையில் பெட்டி கட்டுகிறார்கள், இன்னொரு மூலையில் பொம்மலாட்டம். நடுவில் யாரோ ஒரு தம்பி, "டேப் எங்கே, டேப் எங்கே" என்று கத்தரிக்கோலோடு ஓடுகிறான். டேப் அவன் கையில்தான் வளையலாக மாட்டியிருக்கிறது.

சனிக்கிழமை விடியற்காலை நாங்கள் 14 பேர் சாங்கி விமான நிலையத்தில் நிற்க வேண்டும். போகிற இடம் இலங்கை மலையகம், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். எட்டு நாள். ஆராதனையில் அறிவிக்கும்போது இதற்கு 'ஊழியப் பயணம்' என்று பெயர். நமக்குள் பேசும்போது எல்லோருக்கும் 'மிஷன் டிரிப்'தான். போய் வந்தவர்கள் மேடையில் சாட்சி சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள், படங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தக் கூடத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கோ பயணத்திலேயே பிடித்த இடம் இதுதான்!

அதோ, முட்டி போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் தராசு அங்கிள். சொந்தப் பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கையில் ஒரு கொக்கித் தராசு. ஆளுக்கு 30 கிலோ, அதற்கு மேல் 200 கிராம் போனாலும் பெட்டி திறக்கப்படும், ஈவிரக்கமே கிடையாது. "தம்பி, உன் ஜீன்ஸ் ஒண்ணே ஒண்ணேகால் கிலோ. அதை எடுத்தா நாப்பது கண்ணாடி போகும்." தம்பி எடுத்துவிட்டான்! எட்டு நாளும் ஒரே ஜீன்ஸோடு சுற்றப் போகிறான், முகத்தில் அப்படி ஒரு பெருமை. வருடா வருடம் அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிக்கு எண் எழுதுவது அவர் மனைவி, எங்கள் ஆண்டிதான். இந்த வருடம் ஆண்டியைக் காணோம். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "வீட்ல வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கினார்.

கண்ணாடி என்றேன் அல்லவா, அதுதான் இந்தப் பயணத்தின் தங்கம். வாசிப்புக் கண்ணாடிகள். ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று பவர் வாரியாகப் பிரித்து, ரப்பர் பேண்டு போட்டு, காலுறைக்குள் செருகி வைக்கிறோம். காலுறையும் அங்கே கொடுப்பதற்குத்தான், கண்ணாடிக்கும் மெத்தை ஆயிற்று. இந்த யோசனை யாருடையது என்று ஆளாளுக்கு உரிமை கொண்டாடுகிறார்கள்!

காசு எங்கிருந்து வந்தது? மூன்று ஞாயிறு, பிரியாணிப் பொட்டலம். முதல் நாள் இரவே தேக்கா சந்தையில் வெங்காயமும் புதினாவும் வாங்கி வந்து, பெண்கள் ஐக்கியமும் வாலிபர்களும் சேர்ந்து உரித்து, விடிகாலை நாலு மணிக்குத் தம் போட்டு, ஆராதனை முடிந்து கதவு திறக்கும்போது மணம் நேரே பலிபீடம் வரை வந்துவிடும். பொருள் வாங்குவது முஸ்தபா கடையில். இரவு 11 மணிக்கும் அங்கே நெரிசல், எங்களுக்கு அதுவே உற்சாகம். அட்டைப்பூச்சிக் கடிக்கு என்ன வாங்குவது என்று எங்கள் பிள்ளைகள் கேட்க, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா, "உப்பு வாங்கும்மா, உப்பும் சவுக்காரமும் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேவதூதர்!

இப்போது அந்த மூலைக்கு வாருங்கள், சத்தம் போடாமல். நல்ல சமாரியன் ஒத்திகை. கலர் முடித் தம்பிதான் சமாரியன். ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளுவான், தமிழில் வாய் திறக்க வெட்கம். வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி உள்ளங்கையில் வைத்திருக்கிறான். 'காயத்தைக் கட்டினான்' என்பது ஒவ்வொரு முறையும் 'காயத்தைக் காட்டினான்' ஆகிறது. பெரியம்மா விடவில்லை. அவருக்கு வயது எழுபதுக்கு மேல், போன வருடம்தான் கண் ஆபரேஷன் ஆனது. "கட்டினான். கட்டு. கட்டு." பதினோராவது தடவை சரியாக வந்ததும் கூடமே கைதட்டியது. நான் விசிலே அடித்துவிட்டேன்.

பத்து மணிக்குப் போதகர் ஐயா எல்லோரையும் தரையில் உட்கார வைத்தார். இந்த இருபது நிமிடத்துக்காகவே நான் இங்கே வருகிறேன் என்றுகூடச் சொல்லலாம். "நாம என்னமோ இங்கேர்ந்து கொண்டு போறோம்னு நினைக்காதீங்க. நம்ம ஊரும் ஒரு காலத்துல யாருக்கோ மிஷன் டிரிப்தான்" என்று தொடங்கினார்.

உண்மைதானே! வில்லியம் ஓல்டாம் 1885 பிப்ரவரியில் சிங்கப்பூரில் வந்து இறங்கியபோது இது அவருக்கு அந்நியக் கரை. அவர் பிறந்தது பெங்களூரில். இரண்டு வருடம் கழித்து சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண் வந்தார். 1887 ஆகஸ்டில் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது பெண்பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். ஒன்பதும் நம் பிள்ளைகள். தமிழ்ப் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளி அது! இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் வேர் அந்த ஒன்பது பாவாடைகள்தான். அந்தத் தெருவில் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் இன்றும் நிற்கிறது. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். பிளாக்மோர் எட்டு நாளில் திரும்பவில்லை, ஏறக்குறைய 40 வருடம் இங்கேயே இருந்தார்.

மலையகத்துக்கும் நாங்கள் முதல் ஆட்கள் அல்ல. 1850-களில், தேயிலைக்கு முந்திய காப்பிக் காலத்திலேயே, திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார்கள் கடல் தாண்டி, மலை ஏறி, தோட்டம் தோட்டமாக நடந்திருக்கிறார்கள். அவர்களுக்கு யார் 30 கிலோ கொடுத்தார்கள்! அந்தத் திருநெல்வேலிச் சீமையிலிருந்துதான் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் வந்தார். 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, நம் காசில், நம் ஆட்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பிய கூட்டத்தின் முன்வரிசைக்காரர். 1912-ல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அதற்கு இரண்டு வருடம் முன்பு எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. நிறைந்த சபையில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து, முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து பேசினார். உங்கள் தியாகத்துக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு வேண்டியது சிநேகிதர்கள் என்பதே அந்தப் பேச்சின் சாரம்.

"சிநேகிதனா போறதுன்னா என்ன?" என்று போதகர் கேட்டார். கலர் முடித் தம்பி, "அவங்க வீட்டுல சாப்பிடணும்" என்றான். அதைவிட நல்ல பதில் யாரும் சொல்லவில்லை. பிறகு ஐயா ஒரு விதி சொன்னார், எனக்கு அது உயிர்: கண்ணாடிக்கும் ஜெபத்துக்கும் முடிச்சுப் போடக்கூடாது. மாரியம்மன் கோவிலுக்குப் போகிற அம்மாவுக்கும் அதே கண்ணாடி, அதே வரிசை, அதே சிரிப்பு. நானும் அப்படித்தான் நம்புகிறேன். பண்டம் காட்டிப் பிடிக்கிற விசுவாசம் எனக்கு வேண்டாம்.

பயணத்தை ஓட்டிவிடுகிறேன். விமானம் நாலு மணி நேரத்துக்குள். கடிகாரத்தைப் பின்னால் தள்ளி இரண்டரை மணி நேரம் இலவசமாகச் சம்பாதித்தோம்! கொழும்பிலிருந்து வேனில் மேலே மேலே ஏற, காது அடைக்க, வாந்திப் பையைக் கைமாற்ற, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் 1878-ல் கட்டிய வார்லி தேவாலயத்தின் கல்சுவரைப் பார்த்ததும் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தோம். அதற்கு அப்பால் பச்சை, பச்சை, பச்சை. சீப்பால் வாரியது போன்ற மலைகள்.

தோட்டத்துச் சிற்றாலயத்தில் பாட்டு தொடங்கியதும் எனக்குத் தொண்டை அடைத்தது. வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை. தஞ்சாவூரில் 1864-ல் மறைந்த கவிராயரின் பாட்டு, சிராங்கூன் சாலையில் நாங்கள் பாடும் அதே மெட்டு! ஆனால் அவர்கள் இழுத்து இழுத்து, மலை ஏறுகிற மாதிரி பாடினார்கள். நாங்கள் விரைவு ரயில். இரண்டாம் சரணத்தில் எங்கள் கிட்டார்த் தம்பி கையை எடுத்துவிட்டு, அவர்கள் வேகத்துக்குத் தலையாட்டத் தொடங்கினான்.

மறுநாள் பிள்ளைக்காம்பராவில் கண்ணாடி முகாம். அம்மாமார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. எங்கள் பையன் ஒரு பொடியனிடம் பந்தைக் காட்டி, "இது பத்து வெள்ளி" என்றான். பொடியன் விரல் விட்டு எண்ணினான். "பத்து வெள்ளிக்கிழமையா? அவ்வளவு நாள் காத்திருக்கணுமா?" எங்கள் ஊரில் வெள்ளி என்றால் டாலர் என்று விளக்கி முடிப்பதற்குள் எல்லோரும் சிரித்து உருண்டோம். பந்து அப்போதே பொடியன் கைக்குப் போய்விட்டது.

வரிசையில் ஒரு ஆச்சி. கொழுந்துக் கறை ஏறி விரல் ரேகைகள் கறுப்புக் கோலமாக இருந்தன. ஒன்றரை போட்டார், உதட்டைப் பிதுக்கினார். இரண்டு, ம்ஹூம். இரண்டரை போட்டதும் அசையாமல் நின்றார். சோதித்துப் பார்க்க எழுத்து அட்டையை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. மடியிலிருந்த அரிசி முடிச்சை அவிழ்த்து முறத்தில் கொட்டினார். ஒரு கல், இரண்டு கல், மூன்று கல். "அடி ஆத்தே, இத்தனையையுமா இவ்வளவு நாளா தின்னோம்!" என்று கத்தினார் பாருங்கள், வரிசையே அதிர்ந்தது. மூணாம் வகுப்பு வரை படித்தவராம். கண்ணாடியைக் கழற்றாமலே வீட்டுக்கு அழைத்துப் போய் ரொட்டியும் சம்பலும் தந்தார். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏழு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சாயத் தண்ணி குடித்தோம். சமாரியன் தம்பிக்கு மூன்றாவது ரொட்டி.

சாயங்காலம் தராசு அங்கிளைக் காணோம் என்று தேடினோம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றுகொண்டிருந்தார். பெண்கள் வரிசையாக வந்து சாக்கை இறக்க, கணக்கப்பிள்ளை கொக்கியில் மாட்டி நிறுத்தார். அங்கிளிடம் இருப்பதைப் போன்ற கொக்கி, கொஞ்சம் பெரிது. இருபத்திரண்டு கிலோ, பத்தொன்பது கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு போக மிச்சம்தான் கணக்குத் துண்டில் ஏறும். ஒவ்வொரு சாக்கையும் இறக்க அங்கிள் கை கொடுத்தார். "ஐயா, விடுங்க, முழங்காலு வலிக்கும்" என்றாள் ஒரு பெண். அங்கிள் திகைத்துவிட்டார். தன் முழங்கால் வலி இவளுக்கு எப்படித் தெரியும்?

அன்றிரவு தெரிந்தது. இதுதான் நான் உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்ட இன்னொரு பின்கட்டு! சிற்றாலயத்தில் உடுப்பு மாற்றும் சிறிய அறை. கதவின் பின்புறம், பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம், நாலு முனையிலும் ஆணி. போன வருடம் இங்கே வந்த எங்கள் ஆட்கள் பேச்சுவாக்கில் சொன்னதை எல்லாம் தோட்டத்து உபதேசியார் எழுதி வைத்திருக்கிறார். 'தராசு ஐயா, முழங்கால். பெரியம்மா, கண் ஆபரேசன்.' அதற்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி. 'கலர் முடித் தம்பி, பட்டாளத்துக்குப் போகப் பயம்.' பட்டாளம் என்றது எங்கள் ஊர் தேசிய சேவையைத்தான்! செவ்வாய்தோறும் கொழுந்து நிறுத்த பிறகு, ஈரச் சேலையோடு வந்து, இந்தத் தாளை மேலிருந்து கீழ் வரை வாசித்து ஜெபிப்பார்களாம். ஒரு வருடமாக!

யாரும் பேசவில்லை. உபதேசியார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். "புதுசா என்ன எழுதணும், சொல்லுங்க."

தராசு அங்கிள் பென்சிலை வாங்கினார். சொல்லவில்லை. தானே குனிந்து, தாளின் அடியில் இரண்டு வரி, மெதுவாக எழுதினார். எழுதிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். ஆச்சி எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார், இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, ஆண்டியின் பெயரை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார்.