நகரத்தின் கல்லாப்பெட்டி – 9: எம்.பி.யிடம் யாரும் கேட்காத கேள்வி

மக்களவைத் தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளர் திறந்த ஜீப்பில் நம் தெருவுக்கு வருகிறார். ஆரத்தி எடுத்த கையோடு, “சாக்கடை பொங்குது சார், குப்பை வண்டி ரெண்டு நாளா வரல” என்று சொல்கிறார்கள். “ஜெயிச்சதும் முதல் வேலை அதுதாம்மா” என்று அவரும் கும்பிடு போட்டுவிட்டு நகர்கிறார். இரண்டு தரப்புமே தப்பான கவுன்ட்டரில் நிற்கிறது. சென்னையில் சாக்கடை குடிநீர் வாரியத்தின் வேலை, குப்பை மாநகராட்சியின் வேலை. எம்.பி. கையில் இருப்பது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி. ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கு அதைப் பங்கு வைத்தால் சில நிழற்குடைகளும் சில உயர்கோபுர விளக்குகளும் தேறும். நிழற்குடையில் நிழலைவிட, எழுதிய பெயர் பெரிதாக இருக்கும்.

ஆனால் மேயரோ முதலமைச்சரோ எவ்வளவு முயன்றாலும் முடியாத, நாடாளுமன்றம் மட்டுமே செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. நகரத்தின் வருமானம் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அரையாண்டுக்கு ஒருமுறை ‘தொழில் வரி’ என்று ஒரு தொகை பிடித்திருப்பார்கள். தமிழ்நாட்டில் அது உள்ளாட்சிக்குப் போகிற பணம். சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் வரி 1,250 ரூபாய். அதற்கு மேல் படியே கிடையாது. தியாகராய நகர் ஜவுளிக்கடையில் மாதம் 13,000 ரூபாய் வாங்கும் பெண்ணும், பழைய மகாபலிபுரம் சாலையில் மாதம் 5 லட்சம் வாங்கும் மேலாளரும் கட்டுவது அதே 1,250தான். 2024இல் மாநகராட்சி இந்த வரியைத் திருத்தியபோது ஏறியது கீழ்ப்படியில் இருப்பவர்களின் வரி. மேல்படியில் கைவைக்கவில்லை, வைக்கவும் முடியாது.

காரணம், அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவு. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக்கூடாது என்கிறது அது. முதலில் 250 ரூபாயாக இருந்த உச்சவரம்பை 1988இல், 60ஆவது திருத்தத்தின் மூலம் 2,500 ஆக்கினார்கள். அன்றைக்கு அது பலருக்கு ஒரு மாதச் சம்பளம். இன்றைக்கு நான்கு பேர் ஒரு நல்ல ஓட்டலில் சாப்பிட்டால் வரும் பில். வரம்பை 12,000 ஆக உயர்த்தலாம் என்றது 14ஆவது நிதிக்குழு. 18,000 ஆக்கலாம் என்றது 15ஆவது நிதிக்குழு. இரண்டு பரிந்துரைகளும் காகிதத்திலேயே இருக்கின்றன. சம்பளக்காரர்களின் கோபத்தைச் சம்பாதிக்க எந்தக் கட்சிக்கு ஆசை? ஆனால் வரம்பு உயர்ந்தால் எல்லோர் வரியும் ஏறிவிடப்போவதில்லை. 5 லட்சக்காரரிடம் கூடுதலாகக் கேட்கும் உரிமை நகரத்துக்கு வரும், அவ்வளவுதான்.

அடுத்தது 285ஆவது பிரிவு. ஒன்றிய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி போடக்கூடாது என்பது அதன் சாரம். நாடாளுமன்றம் வேறுவிதமாகச் சட்டம் இயற்றினால் போடலாம், இயற்றவில்லை. நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன், பெசன்ட் நகர் ராஜாஜி பவன், பெரம்பூர் ரயில்வே பணிமனைகள் என்று சென்னையில் இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். வாசலில் ஓடும் சாலையும், மழைநீர் வடிகாலும், தெருவிளக்கும் மாநகராட்சியுடையவை. சொத்து வரி மட்டும் கிடையாது.

வரிக்குப் பதிலாகச் ‘சேவைக் கட்டணம்’ தரலாம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ராஜ்கோட் மாநகராட்சி தொடர்ந்த வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றத்தில் இது உறுதியானது. நகரத்தின் சேவைகளை முழுதாகப் பயன்படுத்தினால் சொத்து வரியில் 75 சதவீதம், ஓரளவு பயன்படுத்தினால் 50, பயன்படுத்தாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு. நல்ல ஏற்பாடுதான், தந்தால். நீங்களும் நானும் சொத்து வரியைத் தாமதித்தால் மாதம் ஒரு சதவீதம் வட்டி போடுகிற மாநகராட்சி, ஒன்றிய அரசு அலுவலகத்திடம் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும். ஏனென்றால் சேவைக் கட்டணம் வரி அல்ல, ஒப்பந்தப்படி வருகிற தொகை. மறுபக்கம், 2022இல் தமிழ்நாட்டு நகரங்களில் வீட்டு வரி 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியது. சொத்து வரியைத் திருத்தினால்தான் மானியம் என்று 15ஆவது நிதிக்குழு போட்ட நிபந்தனையை மாநில அரசு அப்போது காரணமாகச் சொன்னது. உன் மக்களிடம் கூடுதலாக வசூல் செய் என்று டெல்லியிலிருந்து நிபந்தனை வருகிறது. டெல்லியின் கட்டடங்களுக்கு மட்டும் வரி இல்லை. இந்த முரணைப் பற்றி மக்களவையில் நம் ஊர்க்காரர்கள் மேசையைத் தட்டியிருக்க வேண்டாமா?

ஜி.எஸ்.டி. கதை தெரிந்ததுதான். 2017 ஜூலை 1 அன்று ஆக்ட்ராய் என்ற நகர நுழைவு வரி போனபோது மும்பை மாநகராட்சி தன் மிகப்பெரிய வருமானத்தை இழந்தது. மகாராஷ்டிர அரசு தனிச்சட்டம் போட்டு ஈடுகட்டுகிறது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் ஒன்றியமும் மாநிலங்களும் உட்கார்ந்திருக்கின்றன. நகரங்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

வரி விஷயத்தை விட்டுவிட்டாலும், தேர்தலே நகரத்துக்கு ஒரு செலவு. சென்னையில் மாநகராட்சி ஆணையர்தான் மாவட்டத் தேர்தல் அதிகாரி. மாநகராட்சிப் பள்ளிகள் வாக்குச்சாவடிகள் ஆகின்றன. 2024இல் தமிழ்நாடு முதல் கட்டத்திலேயே, ஏப்ரல் 19 அன்று வாக்களித்துவிட்டது. ஆனால் மார்ச் 16 அன்று தொடங்கிய தேர்தல் நடத்தை விதிகள் ஜூன் 6 வரை நீடித்தன. நடக்கிற வேலை நடக்கலாம், புதிதாக டெண்டர் விட முடியாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை காத்திருக்கிற ஊரில், வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட வேண்டிய கோடை இப்படிப் போனது. வாக்குப்பதிவு முடிந்த மாநிலத்தில் வடிகால், குடிநீர் வேலைகளுக்காவது தானாகவே தளர்வு தருவதில் தேர்தல் ஆணையத்துக்கு என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

தேர்தல் அறிக்கை தயாரிக்கும்போது கட்சிகள் குழு போட்டு மாவட்டம் மாவட்டமாக மனு வாங்குகின்றன. நெசவாளர், மீனவர், வணிகர் எல்லோரும் போய்க் கொடுக்கிறார்கள். மேயர்கள் போவதாகத் தெரியவில்லை. கட்சித் தலைமையிடம் மனு கொடுத்தால் மரியாதைக்குறைவு என்று நினைக்கிறார்களோ என்னவோ. அடுத்த மக்களவைத் தேர்தல் 2029இல். தமிழ்நாட்டில் இன்று 25 மாநகராட்சிகள் இருக்கின்றன. 276, 285 என்ற இரண்டு எண்களை எழுதிய ஒரே மனுவோடு அத்தனை மேயர்களும், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், எல்லாக் கட்சி அலுவலகப் படியும் ஏறட்டும். வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வரும்போது, அதே இரண்டு எண்களை நீங்களும் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: மாநில அரசு தர வேண்டிய பங்கு)