வேலைக்கு விண்ணப்பிப்போர் சொல்ல வேண்டியவை எவை?

களத்து மேட்டிற்கு நெல் வியாபாரி வந்தால், நாம் அவருக்கு ஒரு கைப்பிடி மாதிரி நெல்லைக் காட்டுகிறோம். மணியின் தரம், ஈரம், பதர் ஆகியவற்றைப் பார்த்து அவர் விலை கூறுகிறார். அந்த மாதிரியில் கலப்படம் செய்வது தவறு. ஆயினும், குதிரிலுள்ள நெல் முழுவதையும் இறக்கிக் காட்டுவதோ, நிலப் பத்திரத்தை அவர் கையில் கொடுத்தனுப்புவதோ எந்த உழவரும் செய்யும் காரியம் அன்று. வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகளும் இம்முறையையே கைக்கொள்ள வேண்டும்.

இன்று கிராமத்து இளைஞர்களும் பெண்களும் ஆலை, கடை, மருத்துவமனை, அலுவலகம் எனப் பல இடங்களுக்கும் விண்ணப்பிக்கின்றனர். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக விண்ணப்பம் எழுதுபவர்கள். ஆகவே யோசனை கேட்டு ஊராட்சி மன்ற உறுப்பினர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் நாடுகின்றனர். எதை எழுதச் சொல்வது, எதை விடச் சொல்வது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

எழுத வேண்டியவை

"இவ்வேலையைச் செய்யும் தகுதி நமக்கு உண்டு என்பதை இந்த விவரம் காட்டுகிறதா?" என்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். காட்டுமாயின் எழுதலாம், இல்லையேல் விட்டுவிடலாம்.

பெயர், தொலைபேசி எண், ஊரும் மாவட்டமும், படிப்பு, தேர்ச்சி பெற்ற ஆண்டு, பெற்ற பயிற்சி, முன்பு செய்த வேலை, அறிந்த மொழிகள் ஆகியவை தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும். நம்மவர்கள் "இதெல்லாம் ஒரு தகுதியா?" என்று எண்ணி விட்டுவிடுவன பல உண்டு. டிராக்டர் ஓட்டும் உரிமம், பம்புசெட்டுகளைப் பழுது பார்த்த அனுபவம், பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிய பழக்கம், மகளிர் சுய உதவிக் குழுவின் பேரேட்டைப் பராமரித்த திறமை ஆகிய யாவும் எழுதத் தக்கவையே.

சாதி, சமயம், மணமானவரா என்பது, குழந்தைகளின் எண்ணிக்கை, உடல்நோய், தந்தையின் வருமானம் ஆகியவை தனியாருக்கு அனுப்பும் குறிப்பில் தேவையில்லை. இவற்றைக் கண்ட மாத்திரத்தில், திறமையைப் பாராமலே விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவோரும் உளர். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் இந்தக் கட்டத்தில் எழுதவே கூடாது.

அரசுப் பணிக்கு வேறு முறை

அரசுப் பணி விண்ணப்பங்களில் வகுப்பு கேட்கப்படுகிறது. இது இட ஒதுக்கீட்டின் பயன் உரியவரைச் சென்றடைவதற்காகவே. இங்கு அதனை மறைத்தால் இழப்பு நமக்கே. அவ்வாறே, தமிழ் வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்க 2010ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு நிறுவனங்களில் 4 விழுக்காட்டிற்குக் குறையாத இடம் ஒதுக்க 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது. தகுதியுடையோர் இவற்றைத் தவறாது குறிப்பிட்டு, உரிய சான்றிதழையும் இணைக்க வேண்டும்.

பேட்டியில் கேட்கப்படும் கேள்விகள்

பேட்டியில், "எப்போது திருமணம்? குழந்தை எப்போது?" என்று பெண்களிடம் கேட்பது இன்னும் நின்றபாடில்லை. இது பற்றி 1991ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று நினைவிற்கொள்ளத் தக்கது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் தகுதிகாண் பருவத்திலிருந்த ஒரு பெண், வேலையில் சேருமுன் அளித்த உறுதிமொழிப் படிவத்தில் தாம் கருவுற்றிருந்ததை மறைத்தார் என்று கூறி நீக்கப்பட்டார். மாதவிடாய், கருவுறுதல் பற்றிய அப்படிவத்துக் கேள்விகள் பெண்களைக் கூச வைப்பவை என்று கூறிய நீதிமன்றம், அவற்றை நீக்கிவிடுவது நல்லது என்று அறிவுறுத்தியது. அப்பெண்ணை மீண்டும் வேலையில் அமர்த்தவும் கட்டளையிட்டது.

எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு முன் நிபந்தனையாக விதிப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது என்பதும் அறியத் தக்கது.

இத்தகைய கேள்வி எழுந்தால் சினங்கொள்ளவும் வேண்டாம். பொய் புகலவும் வேண்டாம். "குறித்த நேரத்திற்கு வந்து இவ்வேலையைச் செவ்வனே செய்ய என்னால் இயலும், குடும்பப் பொறுப்பு அதற்குத் தடையாக இராது" என்று பணிவுடன் கூறினால் போதும். வேலை நேரம், இரவுப் பணி, தங்குமிடம், சம்பளப் பிடித்தம் ஆகியவற்றை நாமும் கேட்டறிய வேண்டும்.

சொல்லாதிருத்தல் வேறு, பொய் சொல்லுதல் வேறு

கேட்கப்படாத சொந்த விஷயத்தைச் சொல்லாதிருப்பது குற்றமன்று. ஆனால் படிப்பு, அனுபவம், வயது ஆகியவற்றில் பொய் எழுதுவது பிற்காலத்தில் வேலையையே பறித்துவிடும். அரசுப் பணியில், குற்ற வழக்கு உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். சிறு வயதில் கோஷமிட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால், நிலைமைக்கேற்ப அதைப் பொறுத்துக்கொள்ள இடமுண்டு என்று உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் கூறியது. எனினும், மறைத்துவிட்டு மன்னிப்பை எதிர்பார்ப்பதைவிட உண்மையை எழுதுவதே அறிவுடைமை.

எப்போது எதைக் கொடுப்பது?

வேலை உறுதியாகி, நியமனக் கடிதம் கைக்கு வந்தபின் நிலைமை மாறுகிறது. சம்பளத்திற்கு வங்கிக் கணக்கு எண்ணும், வருங்கால வைப்பு நிதிக்கு ஆதாரும் வாரிசுதாரர் பெயரும் வேண்டும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் மருத்துவ வசதியைக் குடும்பத்தார் பெறுவதற்கு அவர்களுடைய விவரமும் வேண்டும். பேட்டியில் தேவையற்றதாயிருந்த குடும்ப விவரம் இங்கே நமக்கு நன்மை தருவதாகிறது. அப்பொழுது தயங்காமல் கொடுக்கலாம்.

அடையாளத்திற்காக மட்டும் ஆதார் கேட்கப்பட்டால், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்டுக் கடைசி 4 மட்டும் தெரியும் நகலை அளிக்கலாம். இதனை ஆதார் இணையதளத்திலேயே பெறலாம். எந்த நகலானாலும், இன்ன வேலைக்காக, இன்ன தேதியில் கொடுத்தது என்று அதன் குறுக்கே எழுதிக் கையொப்பமிடுவது நல்ல வழக்கம். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடமும், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்பவரிடமும் எதையும் கொடுக்கலாகாது. ஏமாந்து பணம் இழந்தால், காலந்தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

ஊராட்சி மன்றத்தார் செய்யக்கூடியவை

பிறருக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுக்கும் உறுப்பினர்கள், அவர்களுடைய சான்றிதழ் நகல்களை மேசை மீது விட்டுச் செல்லலாகாது. வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவதும் கூடாது. கணினி மையத்தில் நகல் எடுத்தால், வேலை முடிந்ததும் அங்குள்ள பதிவை அழிக்கச் சொல்ல வேண்டும். கிராம சபை கூடும் நாளில் இவ்விஷயங்களைப் பத்து நிமிடம் எடுத்துரைத்தால், பலர் ஏமாறாமல் தப்புவர்.

மாதிரி நெல் நல்லதாயிருப்பின் விலை தானே வரும். நம் பிள்ளைகள் தம் திறமையைத் தெளிவாகவும் உண்மையாகவும் காட்டட்டும். வீட்டுக் குதிரின் திறவுகோல் நம்மிடமே இருக்கட்டும்.