குடித்தவரை வீடு சேர்க்கும் தொண்டு

மது அருந்தியவர் வாகனம் செலுத்தக் கூடாது என்பதை யாவரும் அறிவோம். ஆனால், "என் காரை எங்கே விட்டுச் செல்வது?" என்று அவர் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? கனடாவின் கியூபெக் நகரில் 1984இல் கணிதப் பேராசிரியர் ஜோன் மரி டி கோனிங் தொடங்கிய 'சிவப்பு மூக்கு' இயக்கம் இதற்கு விடை கண்டது. நத்தார் காலத்தில் அழைத்தால் மூன்று தொண்டர்கள் வருவர். ஒருவர் அழைத்தவரின் காரையே ஓட்டுவார். மற்றவர் வழிகாட்ட உடன் செல்வார். மூன்றாமவர் வேறொரு வாகனத்தில் பின்தொடர்ந்து அவ்விருவரையும் திருப்பி அழைத்து வருவார். கட்டணம் இல்லை, விரும்பியோர் தரும் நன்கொடை இளைஞர் விளையாட்டுக்குச் செல்லும்.

கட்டணம் வைத்தால், போதையிலுள்ளவர் காசை மிச்சம் பிடிக்கத் தாமே ஓட்டத் துணிவார். ஆகவே இத்தகைய சேவைகளின் எரிபொருள், தொலைபேசிச் செலவுகளை ஊரார் சுமக்க வேண்டும். பழைய காலத்துக் கார் ஒன்றைப் பரிசாக வைத்துச் சீட்டிழுப்பு நடத்துவது அதற்கு ஒரு வழி. கார் நன்கொடையாகக் கிடைத்தால் சீட்டுப் பணத்தின் பெரும்பகுதி சேவைக்கே மிஞ்சும். விலைக்கு வாங்கினால் முதலில் அவ்விலையை ஈடுசெய்ய வேண்டும். கனடாவில் அறப்பணி அமைப்புகள் மாகாண அனுமதிப்பத்திரம் பெற்றே இதனை நடத்தலாம்.

குடித்தவனுக்காக நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும் எனச் சிலர் கேட்பர். அவன் ஓட்டும் காருக்கு முன்னே வீதியில் நடந்து வருவது நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.